பழம் உருண்ட நேரம்

ஈப்போ
10-1-1926

அன்புள்ள அக்காவுக்குத் தங்கச்சி அம்பிகை வணங்கி எழுதுவது.

இவ்விடம் நானும் அண்ணர் விசுவலிங்கம் குடும்பமும் அம்பாள் கிருபையால் சுகம். அங்கே உங்கள் முழங்கால் நோவு எப்படி? அத்தானுக்கு இருமல் குறைந்ததா? என் பிள்ளை மங்களம் எப்படி இருக்கிறாள்? இந்த மூன்றாவது கேள்வியை முதலில் எழுதத்தான் கை ஓடியது. முறை தப்பக் கூடாதென்று அடக்கினேன்.

அண்ணியின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியென்று நான் கப்பலேறி மூன்று வருஷம் முடிகிறது. ஆஸ்பத்திரியில் தாதிப் படிப்புக்குச் சேர்ந்து இது இரண்டாம் வருஷம். என்னோடு படிக்கிற பிள்ளைகளெல்லாம் பதினெட்டு, இருபது. நான் முப்பத்தைந்து. 'பெரியக்கா' என்று கூப்பிடுகிறார்கள். மரியாதையா பகிடியா என்று இன்னும் பிடிபடவில்லை. பிறந்தது முதல் செருப்பே போடாத காலுக்கு இங்கே சப்பாத்து. முதல் மாதம் கொப்புளம், இப்போது காய்த்துவிட்டது. பகலெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வந்து எலும்புகளின் பெயர்களை இங்கிலீசில் பாடமாக்க வேண்டும். இருநூற்றாறு எலும்பு, அக்கா! மனசில் நிற்கவில்லை. கடைசியில் தேவாரப் பண்ணில் மெட்டுப் போட்டுப் பாடிப் பார்த்தேன், நிற்கிறது. இது சுவாமி குற்றமாகுமா என்று எழுதுங்கள்.

ஐப்பசியில் கடைசிப் பரீட்சை. தேறினால் சம்பளம், இருக்க ஓர் அறை. உடனே மங்களத்தைக் கூப்பிட்டுக்கொள்வேன். இங்கே கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதுவரை அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதில்லை, கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை என்று நான் கப்பலேறிய அன்று நீங்கள் தந்த வாக்கு என் தலைமாட்டில் இருக்கிறது.

அவளை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்புள்ள,
அம்பிகை

---

சிவமயம்

அராலி
4-2-1926

தங்கச்சிக்குப் பூமணி ஆசீர்வதித்து எழுதுவது.

உன் பதினேழாவது கடிதம் நேற்று வந்தது. பதினாறாவது மார்கழி இரண்டாம் கிழமை வந்தது. எல்லாவற்றையும் நாள் போட்டுக் கொப்பியில் குறித்து வைக்கிறேன், ஒன்றும் தவறவில்லை. உன் அத்தானுக்கு இருமல் இருக்கிறது. என் முழங்காலும் இருக்கிறது.

எலும்புக்குத் தேவாரப் பண் போட்டதற்குச் சுவாமி கோபிக்க மாட்டார். எலும்பு மாலை பூண்டவர்தானே. ஆனால் அதே மெட்டில் கோயிலில் தேவாரம் பாடப் போய் வாயில் எலும்பு வந்து விழாமல் பார்த்துக்கொள்.

மங்களம் நல்ல சுகம். உயரம் என்னை முந்திவிட்டாள். மயிர் இடுப்புக்குக் கீழே. கோலம் போட்டால் ஊர்ப் பெண்டுகள் நின்று பார்க்கிறார்கள். சென்ற வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு மோதகம் அவித்தோம். மடிப்பு முழுவதும் அவள் கை. நல்லம்மாள் மச்சாள், உன் அத்தானின் தங்கச்சி, வந்திருந்தாள். ஒரு மோதகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கைக்கு ஆர் குடுத்து வைச்சவையோ" என்றாள். மச்சாளின் மகன் பஞ்சலிங்கத்துக்குக் கொழும்பு ரயில் கந்தோரில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நல்ல பொடியன்.

மாமரம் இந்த முறை நிறையப் பூத்திருக்கிறது. குளிரில் வெறுந்தலையோடு திரியாதே.

இப்படிக்கு,
பூமணி

---

ஈப்போ
27-2-1926

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் பிள்ளையார் துணை. இங்கே குளிர் என்று ஒன்று கிடையாது. வெயில், பின்னேரம் மழை, மறுபடி வெயில்.

கடிதத்தில் மாமரம் பூத்தது வந்தது. மங்களம் பள்ளிக்கூடம் போகிறாளா என்பது வரவில்லை. எழுத மறந்திருப்பீர்கள்.

இப்போது என்னைப் பிரசவ வார்டில் விட்டிருக்கிறார்கள். ஒரு கதை சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து ராக்காயி என்றொரு பெண்ணை மாட்டு வண்டியில் கொண்டு வந்தார்கள். தலைப்பிள்ளை. பிள்ளை வெளியே வந்த கணத்தில் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைச் சத்தமாய்ச் சொல்லிப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. "ஒன்று இருபது" என்றேன். அந்த வேதனையிலும் ராக்காயி தலையைத் தூக்கிவிட்டாள்.

"மிஸ்ஸி, மிஸ்ஸி! ஒன்றரை வரைக்கும் எமகண்டமில்ல? ஒரு பத்து நிமிசம் தள்ளிப் போடுங்க மிஸ்ஸி. எங்க மாமியா அதையே சொல்லிச் சொல்லி ஆயுசுக்கும் கொல்லும்."

"அப்படி எழுதக் கூடாது, ராக்காயி."

"ஒங்க கையிலதான பேனா இருக்கு? கடியாரத்துக்கு வாயா இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாயும் இருந்தது. ஆனால் ஒன்று இருபது என்றுதான் எழுதினேன். தலைமைத் தாதி எங்களுக்கு முதல் நாள் சொன்னது: மருந்து பிழைத்தால் மாற்று மருந்து உண்டு, எழுதிய நேரம் பிழைத்தால் மாற்று இல்லை.

ராக்காயி கோபத்தில் அன்றெல்லாம் என்னோடு பேசவில்லை. அடுத்த நாள் தானாகவே, "மிஸ்ஸி, மாமியாகிட்ட நான் ஒன்ன முக்காலுன்னு சொல்லிட்டேன்லா" என்று சொல்லிவிட்டுக் கண்ணடித்தாள்.

நம்முடைய ஊரில் மணிக்கூடு ஆண்களிடம் வெளியிலே. பிள்ளை விழுந்த கணத்தில் உள்ளேயிருந்து எலுமிச்சம்பழத்தை வெளியே உருட்டினால்தான் அவர்களுக்கு நேரம். மங்களத்துக்குப் பழம் உருட்டியது நீங்கள். வெளியே சதாசிவம் அம்மான் பஞ்சாங்கமும் கையுமாய் இருந்தாராம். அந்த வார்டில் நிற்கும்போது அடிக்கடி அதை நினைக்கிறேன்.

உடனே பதில் போடுங்கள். மங்களத்தின் பள்ளிக்கூடம் பற்றி எழுதுங்கள்.

உங்கள்,
அம்பிகை

---

ஈப்போ
25-4-1926

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகமாயிருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டு மாதமாய்க் கடிதம் இல்லை. பங்குனி நடுவில் ஓர் அட்டை எழுதினேன், அதற்கும் இல்லை. பினாங்குக்குக் கப்பல் வருகிற நாட்களெல்லாம் இப்போது எனக்குத் தலைகீழ்ப் பாடம். கப்பல் வந்த இரண்டாம் நாள் ரயிலில் தபால் ஈப்போவுக்கு வரும். அன்றைக்கு வார்டில் நின்றாலும் என் காது வாசலில். சென்ற கிழமை ஒருத்திக்குக் காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயை வாயில் வைத்துவிட்டு மறந்துபோனேன். அவள் பாவம், பேசவும் முடியாமல், எடுக்கவும் பயந்து, கால் மணித்தியாலம் இருந்திருக்கிறாள். தலைமைத் தாதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் அப்படித் துடைத்தால் அதன் பொருள் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆருக்காவது சுகமில்லையா? மங்களத்துக்கு ஏதாவதா? கெட்ட செய்தி என்றாலும் எழுதுங்கள். தெரியாமல் இருப்பதுதான் பொறுக்க முடியாமல் இருக்கிறது. இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அண்ணர், "பொம்பிளையளுக்கு ஒரு கப்பல் பிந்தினால் உலகம் முடிஞ்சுது" என்கிறார்.

அம்பிகை

---

சிவமயம்

அராலி
6-5-1926

தங்கச்சிக்குப் பூமணி எழுதுவது.

எல்லாரும் சுகம். உன் பதினெட்டு, பத்தொன்பது, இரண்டும் கிடைத்தன. எனக்குப் பல்லுநோ. அதுதான் எழுதப் பிந்தியது.

நல்ல செய்தி. நல்லம்மாள் மச்சாள் முறைப்படி வந்து பஞ்சலிங்கத்துக்கு மங்களத்தைக் கேட்டாள். சாதகம் இரண்டையும் சாத்திரியார் பார்த்தார். பத்துக்கு எட்டுப் பொருத்தம். மகத்தில் பிறந்த பெண், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்றார். உன் அத்தான் வெற்றிலை மாற்றிவிட்டார். ஆவணியில் ஒரு நல்ல நாள் இருக்கிறது.

கல்யாணமானால் மச்சாள் வீட்டில்தான் இருப்பாள். நம் படலையைத் திறந்தால் அவர்கள் படலை. பொடியன் மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து வந்து போவான்.

பள்ளிக்கூடம் தைப்பொங்கலோடு நிறுத்தியாயிற்று. பெரிய பிள்ளை, அவ்வளவு தூரம் தனியே நடக்கக் கூடாது.

வாக்கை நினைப்பாய். நானும் நினைத்தேன். ஆனால் இப்படி ஓர் இடம் வாசலுக்கு வருவது நம் கையில் இல்லை. கல்யாணத்துக்கு உனக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுது.

இப்படிக்கு,
பூமணி

---

ஈப்போ
25-5-1926

அக்கா,

சுகம் விசாரிக்கிற முறையை இன்றைக்கு மன்னியுங்கள். நான்கு தரம் எழுதிக் கிழித்தேன்.

என் பிள்ளைக்கு வெற்றிலை மாற்றிய செய்தி எனக்குப் பல்லுநோவுக்குக் கீழே வருகிறது. தைப்பொங்கலோடு பள்ளியை நிறுத்திவிட்டு, மாசியில் எனக்கு மோதகம் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குக் கல்யாணமானதும் பதினைந்தில்தான். நல்ல இடம், நல்ல பொருத்தம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இருபத்திரண்டில் வெள்ளைச் சேலை. அதன் பிறகு மாமியார் வீட்டுப் பின்கட்டில் பத்து வருஷம் என்ன செய்தேன்? நெல் அவித்தேன். எவருக்காவது காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்தேன், அந்த நேரம் மட்டும்தான் என்னைத் தேடுவார்கள். இங்கேயும் வெள்ளைதான் உடுக்கிறேன். ஆனால் இந்த வெள்ளையில் போனால் வழி விடுகிறார்கள். "மிஸ்ஸி வாராங்க, நகருங்க" என்று. மங்களத்துக்கு ஏதாவது ஒரு தொழில் கையில் இருக்கட்டும், அதன் பிறகு கல்யாணம். பஞ்சலிங்கத்தில் எனக்குக் குறையில்லை. ஐந்து வருஷம் பொறுக்கட்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கட்டும்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நிறுத்துங்கள். ஐப்பசி வரை ஐந்து மாதம்தான்.

அம்பிகை

---

சிவமயம்

அராலி
15-6-1926

தங்கச்சிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உன் இருபதாவதும் இருபத்தொன்றாவதும் வந்தன.

வாக்குக் கொடுத்தாயிற்று. உன் அத்தானின் கூடப்பிறந்தவள் வீடு. வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தால் படலைக்கு வெளியே இந்த ஒழுங்கையில் நாங்கள் எப்படி நடப்பது? நீ ஐந்து வருஷம் என்று எழுதியதை மச்சாளிடம் வாசிக்கவில்லை. தாய்க்காரி சம்மதமா என்று கேட்டாள், சம்மதம் என்றேன். அதற்கே அவள் சொன்னாள்: "தாய்க்காரி கண்ட சாதியின்ர பீச்சட்டியும் கழுவுறாவாம். நாங்கள் அதைக் கூடப் பாக்காமல் எடுக்கிறம் பிள்ளையை. அதை நினைச்சுக்கொள்ளச் சொல்லுங்கோ."

எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. பிள்ளைக்குச் சீர் பேச வந்தவளிடம் என்ன சொல்வது?

உன் அத்தான் கல்யாணப் பந்தலுக்குத் தென்னோலைக் கிடுகு சொல்லிவிட்டார். நாள் ஆவணி பதின்மூன்று. அம்மனை நினைத்து மனசைத் தேற்றிக்கொள். ஒன்பது வயசிலிருந்து அவள் என் பக்கத்துப் பாயில் படுக்கிறாள். உன் மாமியார் வீட்டில் அவளைப் பாரமென்று சொன்ன அன்றே நான் தூக்கி வந்தேன். இவ்வளவு நாளும் பிழையாய் வளர்த்தேனா?

பூமணி

அம்மா, நான் சுகம். நீங்கள் சுகமா? — மங்களம்

---

ஈப்போ
4-7-1926

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்தைக் கேட்கிறேன்.

ஒன்றை எழுத வேண்டும். பதினைந்து வருஷமாய்ச் சொல்லாமல் விட்டது.

மங்களம் பிறந்த அன்று பிள்ளையார் கோயில் கொடியேற்றம். மத்தியானப் பூசைக்கு மேளம் தொடங்கி, மணியும் சங்குமாய் ஊரே அதிர்ந்தது. மேளம் ஓய்ந்தபின் பழம் உருண்டது, சதாசிவம் அம்மான் அந்த நேரத்தைக் குறித்தார். அப்போது ஆயிலியம் முடிந்து மகம் தொடங்கிச் சில நிமிஷம். அதனால் மகம் என்று சாதகம் எழுதினார்கள்.

ஆனால் அக்கா, பிள்ளை பிறந்தது மேளம் தொடங்கியபோதே. எனக்கு நல்ல நினைவிருக்கிறது. மேளச் சத்தத்தில் அழுகை வெளியே கேட்கவில்லை. பழம் எப்படியோ பிந்திவிட்டது. ஆகவே மங்களத்துக்கு மகம் இல்லை, ஆயிலியம். ஆயிலியத்தில் பிறந்த பெண் மாமிக்கு ஆகாதென்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஒவ்வொரு நாளும் நேரம் எழுதுகிற கை இது. தெரிந்துகொண்டே பொய்ச் சாதகத்தில் தாலி கட்ட விட்டால் நல்லம்மாள் மச்சாளின் உயிருக்கு நான் அல்லவா பொறுப்பு?

இதை மச்சாளிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நானே அவருக்கு எழுதுவேன்.

அம்பிகை

---

சிவமயம்

அராலி
26-7-1926

தங்கச்சிக்குப் பூமணி எழுதுவது. எல்லாரும் இருக்கிறோம்.

நீ எழுதிய நேரம் சரி.

பிள்ளை மேளம் தொடங்கினவுடனே பிறந்துவிட்டது. பழம் என் கையில் இருந்தது. வெளியே அம்மான் பகிடியாய்க் கத்திக்கொண்டிருந்தார்: "பூமணி, இன்னும் கால் மணித்தியாலம் பொறுக்கச் சொல்லு, மகம் பிள்ளை வரும்!" எனக்கு அது பகிடியாய் இல்லை. பெண் பிள்ளை என்று கண்டுவிட்டேன். ஆயிலியக்காரியை எந்த வீட்டில் எடுப்பார்கள்? மருத்துவிச்சி வீரம்மா, "பழத்தை எறி பிள்ளை" என்றாள். நான் எறியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் வேலையைப் பார்த்தாள். மேளம் முடியட்டும் என்று இருந்து, முடிந்தபிறகு உருட்டினேன். வீரம்மா செத்துப் பத்து வருஷம். இதுவரை எவருக்கும் தெரியாது.

உன் ராக்காயிக் கதை வந்தபோது, நீ அறிந்துகொண்டுதான் குத்துகிறாய் என்று நினைத்தேன். இரண்டு மாதம் பேனா எடுக்கவில்லை. எனக்குப் பல்லுநோ இல்லை. எனக்கு வாயில் பல்லே ஒழுங்காய் இல்லையென்று உனக்குத் தெரியும்.

தெரிந்துகொண்டே மச்சாள் வீட்டில் கொடுக்கப் பார்த்தேன். ஏனென்று கேட்டால், அடுத்த படலை. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

நேற்று மச்சாளிடம் போய்ச் சொன்னேன், நேரத்தை நான்தான் பிழையாக்கினேன் என்று. தங்கச்சி கண்டுபிடித்தாள் என்று சொல்லவில்லை. மச்சாள் முதலில் சிரித்தாள். பிறகு, "அப்ப என்னைக் கொல்லவோ பாத்தனியள்?" என்றாள். வெற்றிலைத் தட்டு இன்று காலை திரும்பி வந்துவிட்டது. உன் அத்தான் என்னோடு பேசுவதில்லை. கிடுகு முற்றத்தில் கிடக்கிறது.

சிலிம் ரிவரில் வேலை பார்க்கிற ஜெயபாலன் குடும்பம் லீவு முடிந்து ஆவணி முதற் கிழமை கப்பலேறுகிறது. மங்களத்தை அவர்களோடு அனுப்புகிறேன். ஐப்பசி வரை வைத்திருக்க இனி என்னால் முடியாது. ஊர் வாய் அவளைச் சுற்றி வருகிறது. விசுவலிங்கத்தின் வீட்டில் இடம் கேள்.

பூமணி

---

ஈப்போ
19-9-1926

என் அன்புள்ள அக்காவுக்குத் தங்கச்சி அம்பிகை வணக்கம்.

பிள்ளை வந்து சேர்ந்தாள். தந்தி கிடைத்திருக்கும். அண்ணர் வீட்டில் இருக்கிறாள். எனக்குப் பின்னேரங்களில் இரண்டு மணித்தியாலம் அனுமதி, ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ரயிலால் இறங்கியவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "அம்மா, சப்பாத்தோட கோயிலுக்கும் போவியளோ?" இதுதான் மூன்று வருஷத்துக்குப் பிறகு என் பிள்ளை என்னிடம் பேசிய முதல் பேச்சு. அண்ணி ஆயிலியத்தைப் பற்றிப் பேச்செடுத்து, இனிக் கல்யாணம் கஷ்டம்தான் என்று பெருமூச்சு விட்டாள். மங்களம் சொன்னாள்: "அதுக்கென்ன மாமி, மாமி இல்லாத வீடாப் பாருங்கோவன். சமையலும் மிச்சம், சண்டையும் மிச்சம்." அண்ணர் சாப்பிட்ட சோறு புரைக்கேறிவிட்டது.

அன்றைக்கு நானும் சிரித்தேன். அதன் பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. அக்கா, ஏனென்று சொல்கிறேன்.

எனக்கு ஒன்றும் நினைவில்லை. மேளமும் இல்லை, அழுகையும் இல்லை. பிள்ளை பிறந்தபோது நான் மயங்கிக் கிடந்தேன். கண் விழித்தபோது மங்களம் துணியில் சுற்றிப் பக்கத்தில் கிடந்தாள். கல்யாணத்தை நிறுத்த வேறு வழி தெரியாமல் பொய்யைக் கட்டினேன். கொடியேற்றம், மேளம், பழம், எல்லாம் நீங்கள் எனக்குச் சொன்ன கதையிலிருந்து எடுத்ததுதான். என் பிள்ளைக்கு நானே தோஷம் எழுதினேன். அது உண்மையாய்ப் போகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ராக்காயிக்குப் பத்து நிமிஷம் தள்ளிப் போட மாட்டேன் என்று நின்ற கை இதுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். எழுதினால் பிள்ளையை அனுப்ப மாட்டீர்கள் என்று பயந்தேன். அவள் இங்கே காலடி வைக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அம்பாள்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தாள் என்று நீங்கள் நினைத்து விரதம் இருக்கிறீர்கள் என்று ஜெயபாலன் வீட்டில் சொன்னார்கள். வேண்டாம், அக்கா. என்னை எவரும் ஏவவில்லை.

மங்களத்திடமும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "அது உண்மையாப் போனது உங்கட கெட்டித்தனமோ?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பெரியம்மாவும் என்னைக் கேக்கேல்லை, நீங்களும் கேக்கேல்லை" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் கொண்டுபோகிற சாப்பாட்டைத் தள்ளுகிறாள். கெஞ்சுகிறேன், ஊட்டப் பார்க்கிறேன், முகத்தைத் திருப்புகிறாள். வார்டில் முப்பது பேருக்குக் கஞ்சி கொடுக்கிறேன், ஒருவரும் வேண்டாம் என்பதில்லை. என் பிள்ளைக்கு ஒரு கவளம் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

பள்ளியில் சேர்க்கப் பேசியிருக்கிறேன். அவள் போவாளா தெரியாது. பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கிறது. ஓர் எலும்பும் நினைவில் நிற்கவில்லை.

நீங்கள் என்னை என்ன சொன்னாலும் கேட்கிறேன். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

அம்பிகை

---

சிவமயம்

அராலி
7-10-1926

என் தங்கச்சி அம்பிகைக்கு அக்கா பூமணி எழுதுவது.

நானும் உன் அத்தானும் சுகம். அவர் போன கிழமையிலிருந்து பேசத் தொடங்கிவிட்டார். முதற் பேச்சு, கறியில் உப்பு இல்லை என்று. நல்லம்மாள் மச்சாள் இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பஞ்சலிங்கத்துக்கு உடுவிலில் பேசுகிறார்கள்.

நீ பொய் எழுதினாய் என்று உன் கடிதத்தைப் பிரித்த அன்றே எனக்குத் தெரியும். நல்ல நினைவிருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். எப்படி இருக்கும்? பிள்ளை விழுந்ததும் உனக்குப் பல்லுக் கிட்டிவிட்டது. அகப்பைக் காம்பை வைத்து வாயைத் திறந்து தண்ணீர் விட்டது நான். உன் தலை என் மடியில் இருந்தது, பழம் மற்றக் கையில். மேளம் முடியும்வரை உனக்குக் கண் திறக்கவில்லை. நீ போய்விட்டாய் என்றே நினைத்தேன். அந்தக் கால் மணித்தியாலத்தில் பாதி உனக்காகப் போனது, பாதிதான் மகத்துக்காக. எந்தப் பாதி முதலில் என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்ல வராது.

ஆகவே நீ கண்டுபிடித்தாய் என்று நான் பயப்படவில்லை. நீ எழுதியது பொய், பொய்க்கு மறுமொழி சொல்லி உன்னை மடக்க எனக்கு ஒரு வரி போதும். பேனாவை எடுத்தேன். பெற்றவள் தன் பிள்ளைக்குத் தானே ஆயிலியம் என்று எழுதியிருக்கிறாள், அதை எழுத அவள் கை எப்படி வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்கு மேல் பிள்ளையை வைத்திருக்க எனக்கு முடியவில்லை. விரதம் பழத்தைப் பிடித்துவைத்த பாவத்துக்கு. அது என்னுடையது, உனக்கு அதில் பங்கில்லை.

பரீட்சையை விடாதே. முதலில் பாடமாக்கிய மெட்டை மாற்றாமல் பாடு, வந்துவிடும்.

இனிப் பிள்ளையைப் பற்றி. காலையில் எழும்பினவுடன் பேச்சுக் கொடுக்காதே, முகம் கழுவும்வரை அவளுக்கு உலகம் வேண்டாம். இடிச் சத்தத்துக்குப் பயம், ஆனால் பயம் என்று சொல்ல மாட்டாள், பக்கத்தில் வந்து ஏதாவது வேலை செய்வது போல் நிற்பாள், நீயும் கண்டதாய்க் காட்டிக்கொள்ளாதே. தலைக்கு நல்லெண்ணெய் ஒத்துக்கொள்ளாது. பொய் சொன்னால் கழுத்தைச் சொறிவாள். பள்ளிக்கூடத்துக்குப் போ என்று சொல்லாதே, போகிறாயா என்று கேள், கேட்டுவிட்டு மறுமொழி வரும்வரை வாயைத் திறக்காதே. நான் அப்படிக் கேட்டதில்லை.

சாப்பாட்டுக்குக் கெஞ்சுகிறாய் என்று எழுதியிருந்தாய். கெஞ்சாதே. கோபம் வந்தால் அவள் அப்படித்தான். சோற்றுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு அப்பால் போ. அரை மணித்தியாலத்தில் தானாய் வந்து சாப்பிடுவாள், திரும்பிப் பார்க்காதே. இதை அறிய எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. உனக்கு அவ்வளவு காலம் இல்லை.

அக்கா